அப்பா விட்டுச்சென்ற மொரிஸ் மைனர்: பெறுமதியை எப்படிக் கணிப்பது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. ஓய்வுபெற்ற ஆசிரியரான அவருடைய தந்தை, மரணசாசனம் எதுவும் எழுதாமல் கடந்த வருடம் காலமாகிவிட்டார். அவர் விட்டுச்சென்றவற்றில் 1959ஆம் ஆண்டு நான்கு கதவு மொரிஸ் மைனர் 1000 கார் ஒன்றும் இருக்கிறது. பதினொரு வருடமாகக் கொட்டிலில் நிற்கிறது. எண்பதுகளில் அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டு டட்சன் எஞ்சின் பூட்டியிருக்கிறார்கள். பழைய எஞ்சின் சாக்கு மூடியபடி மூலையில் கிடக்கிறது. பதிவுப் புத்தகம் தந்தையின் பெயரில் உள்ளது, ஆனால் பாதியைக் கறையான் தின்றுவிட்டது.

கண்டியிலிருந்து வந்த தரகர் ஒருவர் நாலரை இலட்சம் தருகிறேன் என்கிறார். அப்பா உயிரோடு இருந்தபோது கையொப்பம் வைத்ததுபோல ஒரு உரிமை மாற்றப் பத்திரம் ‘செய்து தந்தால்’ போதுமாம். லண்டனிலுள்ள அண்ணன், அங்கே இதே கார் 7,000 பவுணுக்குப் போகிறது, 28 இலட்சத்துக்குக் குறையக் கொடுக்காதே என்கிறார். ஊர் கராஜ்காரர், ஆறு இலட்சம் செலவழித்துப் பெயின்ட் அடித்து எடுத்தால் இரண்டு மடங்கு விலை வரும் என்கிறார். அக்கரைப்பற்றிலிருக்கும் தம்பியோ, சீதன வீடு எடுத்த உனக்குக் காரில் பங்கில்லை என்கிறார். அம்மாவுக்கு விற்கவே மனமில்லை. “இந்தக் காரின் உண்மையான பெறுமதி என்ன? யார் சொல்வதை நம்புவது?” என்று கேட்கிறார் வாசகி.

அன்புச் சகோதரி,

உங்களிடம் சொல்லப்பட்ட தொகைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளின் விலை. அண்ணன் சொல்வது, இங்கிலாந்தில் திருத்தி முடித்து ஓடிக்கொண்டிருக்கும் காரின் விலை. தரகர் சொல்வது, பத்திரம் சரியில்லாத, ஓடாத காரை வாங்கித் தன் இலாபத்தையும் வைத்து விற்கப் போகிறவரின் விலை. கராஜ்காரர் சொன்ன ஆறு இலட்சம் அவருடைய வேலையின் விலை. உங்கள் கொட்டிலில் நிற்கும் காருக்கு இன்னும் யாரும் விலை சொல்லவில்லை. அதன் அடியில் படுத்துப் பார்த்தவர் இல்லை, இலக்கங்களைப் புத்தகத்தோடு ஒப்பிட்டவரும் இல்லை. இந்த இரண்டும் நடக்கும்வரை யார் என்ன தொகை சொன்னாலும் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சம்மதம் சொல்லாதீர்கள்.

பங்கு யாருக்கு, பத்திரம் யார் பெயரில்

தம்பி சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். விற்கும் உரிமை யாருக்கு என்பது தெளிவாகாத காருக்கு நல்ல வாடிக்கையாளர் வரமாட்டார்.

சீதனம் பெற்ற மகளுக்குப் பெற்றோர் சொத்தில் பங்கில்லை என்பது யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமையின் பழைய விதி. மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழருக்குத் தேசவழமை பொருந்தாது. இங்கே ஒருகாலத்தில் வழங்கிய முக்குவர் சட்டமும், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள் மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு நீங்கிவிட்டது. உங்கள் குடும்பத்துக்குரியது அந்தக் கட்டளைச் சட்டந்தான். அதன்படி மரணசாசனம் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் பாதி மனைவிக்கு. மீதிப் பாதி ஆண், பெண் பேதமில்லாமல் பிள்ளைகளுக்குச் சமமாக. ஆகவே காரில் அம்மாவுக்கு அரைப் பங்கு, உங்கள் மூவருக்கும் ஆறிலொரு பங்கு வீதம். திருமணத்தின்போது பெற்றதைக் கணக்கில் சேர்க்க வேண்டுமென்று மற்ற வாரிசுகள் கேட்க இடமுண்டு. அப்பா அப்படிச் சேர்க்கத் தேவையில்லை என்று காட்டியிருந்தால் அந்தக் கோரிக்கை நிற்காது. இதை உங்கள் சட்டத்தரணி முழுச் சொத்தையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். காரை மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டு வாதாடுவதில் பயனில்லை. (முஸ்லிம் வாசகர்களுக்கு இந்தப் பங்கு பொருந்தாது, அவர்களுக்கு 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரபுரிமைச் சட்டம் இருக்கிறது.)

தரகர் கேட்ட கையொப்பத்தை எக்காரணம் கொண்டும் கொடுக்க வேண்டாம். இறந்தவர் பெயரில் பழைய திகதியிட்டுக் கையொப்பம் வைப்பது போலி ஆவணம் தயாரித்த குற்றமாகும். பின்னாளில் கார் ஒரு விபத்தில் மாட்டினாலோ, வேறு வாரிசு முறைப்பாடு செய்தாலோ, பொலிஸ் தேடி வருவது பத்திரம் கொடுத்த வீட்டுக்குத்தான். அதோடு, தரகரின் விலை குறைவாக இருப்பதற்கு ஒரு காரணமே இந்தப் பத்திரக் குறைபாடு. அதை நேர்வழியில் நீக்கினால் அந்தக் கழிவு உங்கள் பக்கம் வந்துசேரும்.

நேர்வழி நீளமானதுதான், ஆனால் கடினமானதல்ல. கறையான் தின்ற புத்தகத்தை எறியாதீர்கள். மிஞ்சிய தாள்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து உறையில் வையுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த இலக்கத்துக்குரிய பதிவு விவரங்களின் உறுதிப்படுத்திய பிரதியை எடுங்கள். உரிமையாளர் பெயர், எஞ்சின் இலக்கம், சேசிஸ் இலக்கம், பழைய அடைமானம் ஏதும் பதிவில் நிற்கிறதா என்பவை அதில் தெரியும். பிறகு பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, சத்தியக்கடதாசி ஆகியவற்றோடு புத்தகத்தின் இணைப்பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். உரிமை மாற்றத்துக்கு அப்பாவின் மரணச் சான்றிதழ், அம்மாவின் விவாகச் சான்றிதழ், உங்கள் மூவரின் பிறப்புச் சான்றிதழ்கள், எல்லா வாரிசுகளின் சம்மதம் ஆகியன தேவைப்படும். வீடு, காணி எல்லாம் சேர்த்து மொத்தச் சொத்து சட்டம் வகுத்த எல்லையைத் தாண்டினால், மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்கிட்டு (மரணசாசனம் இல்லாவிட்டாலும் வழக்கின் பெயர் அதுதான்), சொத்தை நிர்வகிக்க அதிகாரம் தரும் நிர்வாகப் பத்திரம் பெற வேண்டும். லண்டனிலிருக்கும் அண்ணன் வந்துபோகத் தேவையில்லை. அவர் சார்பில் இங்கே ஒருவர் கையொப்பமிட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவப் பத்திரத்தை முறையாக உறுதிப்படுத்தி அனுப்பினால் போதும்.

பதினொரு வருட வருமான உத்தரவுப்பத்திர நிலுவையையும் மறக்க வேண்டாம். நிலுவையும் தண்டப்பணமும் எவ்வளவு என்று பிரதேச செயலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாகனம் பாவனையில் இல்லை என்று அப்பா அறிவித்திருந்தால் அந்தக் கடிதப் பிரதி அவருடைய கோப்புகளில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

கொட்டிலில் நிற்பது எந்தக் கார்?

பொனட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகட்டுச் சுவரில் இலக்கத் தட்டு ஆணியடித்திருக்கும். 1959ஆம் ஆண்டு நான்கு கதவு மைனரானால் கார் இலக்கம் எம்.ஏ.எஸ்.3 என்று தொடங்க வேண்டும். எம் மொரிஸைக் குறிக்கும், எஸ் நான்கு கதவுள்ள சலூனை, 3 மூன்றாம் வரிசையை. இரண்டு கதவுக்கு எம்.ஏ.2எஸ்.3. அந்த இலக்கமும் பதிவு விவரப் பிரதியிலுள்ள சேசிஸ் இலக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால், உங்கள் காரின் பெறுமதியில் பெரும்பங்கு அங்கேயே உறுதியாகிவிடும். ஒத்துப்போகாவிட்டால் மற்ற வேலை எதையும் தொடங்காமல் முதலில் அதற்கு விளக்கம் தேடுங்கள்.

அடுத்து, சாக்கு மூடிக் கிடக்கும் எஞ்சின். கடிதத்திலேயே நான் மிக விரும்பிப் படித்த வரி அதுதான். பழைய இரும்பு வாங்க வருபவர் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். 1956 முதல் 1962 வரை வந்த மைனர் 1000 காரில் இருந்தது 948 சிசி எஞ்சின். ஏறத்தாழ 37 குதிரைவலு. எஞ்சினின் வலப்பக்கத்தில், டைனமோவுக்கு மேலே, இலக்கத் தட்டு இருக்கும். 9எம் என்று தொடங்கினால் 948 சிசி, 10எம்ஏ என்று தொடங்கினால் பின்னாளில் வந்த 1098 சிசி. பதிவிலுள்ள எஞ்சின் இலக்கம் இந்த எஞ்சினுடையதா, டட்சனுடையதா என்று பாருங்கள். பலர் எஞ்சினை மாற்றிவிட்டுத் திணைக்களத்தில் அறிவிப்பதில்லை. புத்தகத்தில் பழைய இலக்கமே நின்றால், இன்று காரிலிருக்கும் டட்சன் எஞ்சின் சட்டப்படி அந்தக் காருக்குரியதல்ல. அப்படியானால் மூல எஞ்சினைத் திரும்பப் பூட்டுவதே பத்திரத்தையும் பெறுமதியையும் ஒருசேரச் சரிசெய்யும் வழி.

ஆனால் திரும்பப் பூட்ட முடியுமா என்பதை இன்னொன்று தீர்மானிக்கும். டட்சன் எஞ்சின் பெரும்பாலும் தன் கியர்பெட்டியோடுதான் வரும். அதற்கு இடம்விட நடுத்தரையின் மேட்டுப் பகுதியை வெட்டினார்களா, எஞ்சின் தாங்கிகளைப் புதிதாக வெல்ட் பண்ணினார்களா, பழைய துளைகளிலேயே பூட்டினார்களா என்று பாருங்கள். வெட்டாமல் பூட்டியிருந்தால் ஓரிரு நாள் வேலையில் பழையபடி ஆக்கலாம். வெட்டியிருந்தால் தகட்டு வேலை சேரும். மூலையில் மைனரின் பழைய கியர்பெட்டியும் கிடக்கிறதா என்று தேடுங்கள். 948 சிசிக்குரியதன் உறை வழுவழுப்பானது. 1098 சிசிக்குரியதில் வரிவரியாகப் புடைப்புகள் இருக்கும்.

சின்னச் சாமான்களும் அப்படித்தான். 1961 வரை மைனருக்குத் திரும்பும் சமிக்ஞை, கதவுத் தூணிலிருந்து வெளியே நீட்டும் சிறு கைதான். அந்தக் கை, நடுவில் இருக்கும் வேகமானி, சக்கரத் தொப்பிகள், பொனட் சின்னம், எஞ்சினைச் சுழற்றும் கைபிடி, மூலத் திறப்பு, கையேடு, பழைய காப்புறுதிப் பத்திரங்கள், கார் ஓடிய காலத்துக் குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் சேருங்கள். கார் முழுக்காலமும் ஒரே வீட்டில் இருந்ததென்பதை வாயால் சொல்வதைவிட 1970களின் ஒரு பற்றுச்சீட்டு உறுதியாகச் சொல்லும்.

அண்ணன் உதவக்கூடிய நல்ல வேலை ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் மொரிஸ் தொழிற்சாலையின் உற்பத்திப் பதிவேடுகள் இருக்கின்றன. கார் இலக்கத்தைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், கார் செய்யப்பட்ட திகதி, மூல நிறம், மூல எஞ்சின் இலக்கம், எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்ற விவரங்களோடு சான்றிதழ் தருவார்கள். அதிலுள்ள எஞ்சின் இலக்கமும் சாக்கின் கீழுள்ள எஞ்சினின் இலக்கமும் ஒன்றாக இருந்தால், உங்கள் கையில் இருப்பது இலங்கையில் அபூர்வமான ஒரு சேர்க்கை.

காரின் அடியில்தான் காசு

மைனருக்குத் தனியான சேசிஸ் சட்டம் கிடையாது. தரை, பக்கச் சில்கள் (கதவுகளின் கீழே நீளமாக ஓடும் தகட்டுப் பகுதி), குறுக்குச்சட்டம் எல்லாம் ஒன்றாக வெல்ட் செய்யப்பட்டு, உடலே காரைத் தாங்குகிறது. மட்கார்ட்கள் மட்டும் போல்ட் போட்டவை. அவை துருப்பிடித்தாலும் கழற்றி வேறு பூட்டலாம். ஆகவே மட்கார்டில் ஓட்டை கண்டு பயப்படத் தேவையில்லை. முன் ஆசனங்களின் கீழே ஓடும் குறுக்குச்சட்டம் இற்றுப்போயிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குத் தண்டுகளின் பின்முனை பிடித்திருப்பது அங்கேதான்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் உங்கள் ஊரில் உப்புக்காற்று இரண்டு பக்கத்தாலும் வரும். அதைவிட முக்கியமான கேள்வி: 2004 டிசம்பர் 26 அன்று கார் எங்கே நின்றது? கடல்நீர் ஏறியிருந்தால் சில்களின் உள்ளே மணலும் உப்பும் தங்கி, வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளிருந்து அரிக்கும். இதை வாங்குபவரிடம் மறைக்காதீர்கள். அனுபவமுள்ளவர் ஆசனக் கம்பிச்சுருளைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

பார்க்கும் முறை எளிது. தரைப்பாயைத் தூக்கி, மழுங்கிய திருகாணிச் சாவியின் முனையால் அழுத்திப் பாருங்கள். நல்ல தகடு ‘டங்’ என்று எதிர்க்கும், இற்றது அமுங்கும். பார்க்க வேண்டிய இடங்கள்: முன்தரை, குறுக்குச்சட்டத்தின் இரு முனைகள், சில்களின் அடி, ஜாக் வைக்கும் இடங்கள், பின் ஸ்பிரிங் பூட்டியிருக்கும் இரு முனைகள், டிக்கியில் உபரிச் சக்கரம் வைக்கும் தரை, கதவுகளின் அடிவிளிம்பு. மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தை உடல்மேல் நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் தகட்டுக்குப் பதில் பட்டி இருக்கிறது. சாரதி தரையின் கீழே, சட்டத்துக்குள் பிரேக்கின் பிரதான சிலிண்டர் இருக்கிறது. பதினொரு வருடம் நின்ற காரில் அது இறுகியிருக்கும் என்றே கணக்கு வையுங்கள்.

மைனருக்கே உரிய ஆபத்தொன்றையும் சொல்ல வேண்டும். முன்சக்கரத்தின் கீழ்ப்பக்க ட்ரனியன் எனும் திருகுமூட்டு, கிறீஸ் போடாமல் ஓடினால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரமே காரின் கீழே மடிந்துவிடும். திருத்திய பிறகும் இதைப் பார்க்காமல் காரை வீதியில் இறக்கக் கூடாது.

வாங்க வருபவருக்குக் காட்ட வேண்டும் என்பதற்காக பற்றரி பூட்டி எஞ்சினை இயக்கிப் பார்க்காதீர்கள். பழைய பெற்றோல் பிசினாகியிருக்கும், சிலிண்டருக்குள் துரு இருக்கும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டுக் கையால் சுழற்றினால் போதும். சுழல்கிறது என்பதே விலைக்குப் போதுமான தகவல். பின்னர் பற்றரி பூட்டும்போது இன்னொரு கவனம்: 1959ஆம் ஆண்டு மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருந்தது. டட்சன் பூட்டியவர்கள் அதை மாற்றியிருப்பார்கள். எந்த முனை உடலுக்குப் போகிறதென்று பார்க்காமல் பூட்டினால் வயரிங் எரியும்.

கணக்கு எப்படிப் போடுவது

திருத்தி முடித்த அதே வகைக் கார் இலங்கையில் உண்மையில் விற்ற விலையிலிருந்து, உங்கள் காரை அந்த நிலைக்குக் கொண்டுவரும் செலவைக் கழித்தால் வருவதே உங்கள் காரின் பெறுமதி. இதில் ‘விற்ற விலை’ என்பதைக் கவனியுங்கள்; விளம்பரத்தில் கேட்கும் விலை வேறு. எட்டு, பத்து விளம்பரங்களைத் திகதியோடு சேமித்து, இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் கேளுங்கள்: விற்றதா, எவ்வளவுக்கு? எல்லோரும் சொல்லமாட்டார்கள், ஆனால் மூன்று நேர்மையான பதில் கிடைத்தாலே போதும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைக்கால விலைகளை வைத்து ஒப்பிட வேண்டாம். அப்போது எல்லாப் பழைய வாகனமும் செயற்கையாக ஏறியிருந்தது.

முறையைக் காட்டுவதற்காக மட்டும் ஒரு கணக்கு, தொகைகள் கற்பனையானவை. நல்ல மைனர் ஒன்று 16 இலட்சத்துக்கு விற்றதென்று வைத்துக்கொள்வோம். உங்கள் காருக்குத் தரையும் பக்கச் சில்களும் வெல்ட் பண்ண 3 இலட்சம், பிரேக் முழுவதும் 80 ஆயிரம், டயரும் பற்றரியும் 1 இலட்சம், வயரிங் 70 ஆயிரம், எஞ்சின் 2 இலட்சம், பெயின்ட் 2 இலட்சம், ஆசனமும் கூரைத்துணியும் 1 இலட்சம். கூட்டினால் பத்தரை இலட்சம். பழைய காரில் கழற்றக் கழற்றப் புதுச்செலவு தெரியும். அதற்காக இருபது வீதம், அதாவது 2 இலட்சத்துப் பத்தாயிரம் சேருங்கள். 12 இலட்சத்து 60 ஆயிரம் போக மிஞ்சுவது 3 இலட்சத்து 40 ஆயிரம். இந்தக் கணக்கில் தரகரின் நாலரை இலட்சம் ஏமாற்று விலையாகத் தெரியாது.

இப்போது தரையும் பக்கச் சில்களும் நன்றாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு ஏழரை இலட்சம், இருபது வீதம் ஒன்றரை இலட்சம், மொத்தம் 9 இலட்சம். மிஞ்சுவது 7 இலட்சம். யாருக்கும் தெரியாமல் அடியில் இருக்கும் தகடு ஒன்றே பெறுமதியை இரட்டிப்பாக்கிவிட்டது. உங்கள் மதிப்பீட்டாளர் காரின் கீழே படுக்காமல் சான்றிதழ் எழுதினால் அந்தச் சான்றிதழை ஏற்காதீர்கள்.

மதிப்பீட்டாளரைத் தெரிவுசெய்யும்போது அவர் காரை வாங்க ஆர்வமுள்ளவராகவோ, தரகருக்குத் தெரிந்தவராகவோ இருக்கக் கூடாது. கட்டணம் விலையின் வீதமாக இல்லாமல் நிலையான தொகையாக இருக்க வேண்டும். கொழும்பிலுள்ள பழைய கார் சங்கங்கள் வழியாக மைனர் தெரிந்த ஒருவரை வரவழைக்கலாம். போக்குவரத்துச் செலவு உங்களுடையது, ஆனால் பிழையான விலையால் வரும் நட்டத்தைவிட அது குறைவு. எதற்காக மதிப்பீடு என்பதை முதலிலேயே சொல்லுங்கள். மரணசாசன வழக்குக்கானால் அப்பா இறந்த திகதியில் இருந்த பெறுமதி. பங்கு பிரிக்கவோ விற்கவோ என்றால் இன்றைய சந்தை விலை. முழுக் காப்புறுதிக்கானால், தொலைந்தால் இதே போன்ற இன்னொன்றைத் தேடி எடுக்கும் செலவு. ஒரே காருக்கு மூன்றும் மூன்று தொகையாக வருவதில் தவறில்லை. ஒன்றுக்காக எழுதிய சான்றிதழை மற்றதற்குக் காட்டினால்தான் சிக்கல்.

லண்டன் விலையும் புதுப் பெயின்டும்

அண்ணனின் 7,000 பவுண் பொய்யல்ல. ஆனால் மைனர் 16 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார். இங்கிலாந்தில் உதிரிப்பாகம் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது, சங்கங்கள் இருக்கின்றன. ஓடாத, துருப்பிடித்த மைனர் அங்கேயும் அதில் சிறு பகுதிக்குத்தான் போகும். அவர் பார்த்த விளம்பரம் எந்த வகைக் கார் என்றும் கேளுங்கள். கூரை மடியும் காரும், மரச்சட்டம் வைத்த ட்ராவலரும் கூடிய விலைக்குப் போகும். நான்கு கதவு சலூன் அந்த வரிசையில் கீழே. கப்பலில் அனுப்பலாமே என்று அவர் கேட்கக்கூடும். ஏற்றுமதி அனுமதிப்பத்திரக் கட்டுப்பாடு 1945க்கு முன் இலங்கையில் பதிவான கார்களுக்குத்தான். உங்களுடையது அதில் வராது. ஆனாலும் கப்பல் கூலி, அங்கே திருத்தும் கூலி எல்லாம் சேர்ந்தால் மிச்சம் வராது. அண்ணன் தானே ஓட்ட விரும்பினால் மட்டும் யோசிக்கலாம்.

கராஜ்காரரின் யோசனையை ஏற்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். புதுப் பெயின்ட் அடித்த பழைய காரைக் கண்டால் அனுபவமுள்ளவர், கீழே எதை மூடினார்கள் என்றுதான் முதலில் யோசிப்பார். ஆறு இலட்சம் போட்டு ஆறு இலட்சம் திரும்பி வருவதே அரிது. தரையைப் பார்க்காமல் பெயின்ட் அடித்துவிட்டுப் பிறகு வெல்ட் பண்ணப் போனால் அந்தப் பெயின்டும் எரியும். மூல நிறம் மங்கியிருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

இப்போது செய்ய வேண்டியது பாதுகாப்புத்தான். வடகீழ்ப் பருவமழைக்கு முன் காரை உறுதியான தாங்கிகளில் ஏற்றுங்கள். சீமெந்துக் கல்லின் மேல் ஏற்ற வேண்டாம், அது திடீரென வெடிக்கும். அடியை நன்னீரால் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். தறப்பாளை உடலோடு ஒட்ட மூடினால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும்; பருத்தித் துணியால் மூடி, காற்றோட விடுங்கள். பழைய எஞ்சின் எண்ணெயை அடியில் பூசும் வழக்கம் இங்கே உண்டு; அது ரப்பர் பகுதிகளை ஊறவைத்துக் கெடுத்துவிடும்.

விற்பதா, வைத்திருப்பதா

அம்மாவுக்கு அரைப் பங்கு இருப்பதால் அவர் சம்மதிக்காமல் விற்பதற்கில்லை. அவருடைய விருப்பத்தை வெறும் உணர்ச்சியென்று ஒதுக்கவும் கூடாது. மதிப்பீடு 6 இலட்சம் என்று வந்தால் அம்மாவின் பங்கு 3 இலட்சம், உங்கள் ஒவ்வொருவருக்கும் 1 இலட்சம். இந்தத் தொகையை எழுதித் தம்பியின் முன்னால் வையுங்கள். சண்டை எத்தனை ரூபாய்க்கு என்பது அவருக்குத் தெரியட்டும். யாராவது ஒருவர் காரை வைத்திருக்க விரும்பினால், மற்ற இருவருக்கும் தலா 1 இலட்சம் கொடுத்து, அம்மாவின் பாதியை அவர் விருப்பப்படி எழுதி வாங்கலாம். திருத்த வசதியும், கிறீஸ் போட்டு மாதம் ஒருதரம் ஓட்ட ஆளும் இல்லாதவர் அதை எடுப்பதை நான் ஊக்குவிக்கமாட்டேன். நின்றே அழியும் கார் வருடாவருடம் விலை இறங்கும். அம்மாவுக்கும் அதைப் பார்ப்பது வருத்தமாகவே இருக்கும்.

விற்பதென்று முடிவானால், எஞ்சின், கியர்பெட்டி, பெட்டியிலுள்ள சாமான்கள் அனைத்தையும் காரோடு சேர்த்தே விலை பேசுங்கள். பிரித்து விற்றால் எஞ்சினுக்குக் கொஞ்சப் பணம் வரும், காருக்குக் கூடுதலான பணம் போய்விடும். குறைகளை எழுதி, வாங்குபவரின் கையொப்பத்தையும் பெறுங்கள். பின்னால் வழக்குப் பேச இடமிருக்காது. முற்பணம் வாங்கினால் பற்றுச்சீட்டில் மீதித் தொகையையும் திகதியையும் குறியுங்கள். முழுப்பணமும் வங்கியில் சேர்ந்து, வாங்குபவரின் தேசிய அடையாள அட்டைப் பிரதியும் உரிமை மாற்ற விண்ணப்பமும் திணைக்களத்தில் ஒப்படைக்கப்பட்ட பிறகுதான் திறப்பைக் கொடுங்கள். தரகர் மீண்டும் வந்தால் இதே நிபந்தனைகளைச் சொல்லுங்கள். ஏற்றுக்கொண்டு விலையையும் உயர்த்தினால், மற்றவர்களைப்போல அவரும் ஒரு வாடிக்கையாளர்தான்.